மழை விட்ட மறுநாள் பார்க்கணும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. வழக்கம் போல ஒரு மொக்கை போட்டுட்டுப் போயிடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா ஒரு கேள்வி உள்ளுக்குள்ள கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. கேட்டது நான் இல்லை. வெள்ளகவியில ஒரு பெரியவர் கேட்டார். அப்போ பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன். இப்பவும் முழுசாத் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் எழுதி வைக்கிறேன், உங்கள்ல யாருக்காவது கூடுதலா தெரியும்ங்கற நம்பிக்கைதான்.

வெள்ளகவி எங்கே இருக்குன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கொடைக்கானல் போறவங்க வட்டக்கானல் வழியா டால்பின் நோஸ் பாறைக்குப் போய் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க இல்லையா, அங்கேருந்து திரும்பாம கீழே இறங்கினா வர்ற ஊர். ரோடு இல்லாத ஊர்னே பேர் வாங்கின ஊர். அரிசி மூட்டையில இருந்து சிமெண்ட் வரைக்கும் குதிரை முதுகுலயோ தலைச்சுமையாவோ போய்ச் சேர்ந்துதான் அந்த ஊர் வளர்ந்தது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழைன்னு விவசாயம். ஊருக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டு நடக்க மாட்டாங்க. ஊர் மண்ணே சாமிங்கற மரியாதை. அங்கேருந்து இன்னும் கீழே இறங்கினா கும்பக்கரை அருவி, அதுக்கும் கீழே பெரியகுளம்.

அடியேன் பெரியகுளத்துக்காரன். நீச்சல் கத்துக்கிட்டது (சரி, மூழ்காம இருக்கக் கத்துக்கிட்டது) கும்பக்கரையில. அதனால மேலே இருந்து இறங்கி வர்ற தண்ணியைப் பத்தி எனக்கு ஒரு சுயநலம் உண்டு. அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஒரு ஐப்பசி மாசம் நண்பர்களோட வட்டக்கானல்ல இருந்து இறங்கினோம். ஐப்பசியில மலை இறங்கறது முட்டாள்தனம்னு வீட்ல சொன்னாங்க, கேட்கலை. பாதி வழியில மழை பிடிச்சுக்கிச்சு. அட்டைக்கடி, வழுக்கல், முழங்கால் நடுக்கம் எல்லாம் சேர்ந்து ராத்திரி வெள்ளகவியில ஒரு வீட்டுத் திண்ணையில தஞ்சம். விடிய விடிய மழை. காலையில மழை விட்டதும் அந்த வீட்டுப் பெரியவர் ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார்.

"எங்கேயா கிளம்பிட்டீங்க, இந்தச் சேத்துல?"

"குளத்தைப் பார்த்துட்டு வந்துர்றேன் தம்பி. காப்பி வைக்கச் சொல்லியிருக்கேன், குடிங்க."

நானும் கூடவே போனேன். குளம்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. தோட்டத்துக்கு நடுவுல, ஒரு ஊத்துக்குக் கீழே, நாலு கட்டில் போடற அளவு ஒரு குழி. பெரியவர் கம்பை உள்ளே விட்டார். வெளியே எடுத்து எவ்வளவு தூரம் சேறு ஒட்டியிருக்குன்னு விரலால அளந்தார். தண்ணி வழியற வாய்ல அடைச்சிருந்த இலையை அள்ளிப் போட்டார். கரையில நண்டு வளை இருக்கான்னு குனிஞ்சு பார்த்தார். அப்புறம் மேலே ஏறி கல்லுக்கட்டு ஒண்ணொண்ணையும் தடவிப் பார்த்துக்கிட்டே போனார். ஒரு இடத்துல கல் கொஞ்சம் முன்னாடி தள்ளி, கர்ப்பிணி வயிறு மாதிரி புடைச்சிருந்தது. "பின்னாடி தண்ணி நிக்குது. இந்த வாரம் பிரிச்சுக் கட்டணும்"னார்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது செடிகள் விஷயம்தான். ஒண்ணைப் பிடுங்கினார், பக்கத்துலயே இருந்த இன்னொண்ணை விட்டுட்டார். ரெண்டுமே களைதானேன்னு கேட்டேன்.

"களைதான் தம்பி. ஆனா அது மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல? இப்பப் புடுங்கினா அடுத்த மழைக்கு மண்ணு என் குளத்துல இருக்கும். தை பொறக்கட்டும், அப்பப் புடுங்கி அந்த எடத்துல வேற வெச்சுருவேன்."

தினமும் இப்படிப் பார்ப்பீங்களான்னு கேட்டதுக்கு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவோட தலைப்பு. "தெனமும் எதுக்கு? வெயில்ல வந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தம்பி இருக்கும். மழை விட்ட மறுநாள் பார்க்கணும்."

திரும்பி வந்து வரக்காப்பி குடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "நீங்க படிச்ச புள்ளைங்க. மேலே அந்த தெர்மாமீட்டர் பாக்டரி மண்ணைக் கழுவுறதாச் சொல்றாங்களே. கழுவி முடிச்சப்புறம் அந்தக் குளத்தையும் சரிவையும் யாரு தம்பி போய்ப் பார்க்கிறது?"

*

கதை தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா:

கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் ரோட்டுல 1983ல ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவுல ஓடிக்கிட்டிருந்த பழைய தொழிற்சாலையோட இயந்திரங்களை இங்கே கொண்டு வந்து பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பிச்சது. அப்புறம் கைமாறி இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது, இன்னைக்கு இந்துஸ்தான் யூனிலீவர். பாதரசம் வெளிநாட்டுல இருந்து வரும், செஞ்ச தெர்மாமீட்டர் திரும்ப வெளிநாட்டுக்கே போகும். நடுவுல சிந்தினது மட்டும் நமக்கு.

2001 மார்ச்ல மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி 7.4 டன் கிடந்தது வெளியே தெரிஞ்சது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றம், கிரீன்பீஸ், ஊர் மக்கள், தொழிலாளர்கள்னு எல்லாரும் திரண்டாங்க. அந்த மாசமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ல 290 டன் பாதரசக் கழிவை மூட்டை கட்டி கப்பல்ல அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வர்றதுதான் உலக வழக்கம். தலைகீழா நடந்த அபூர்வ சம்பவம் இது. 2015ல சோஃபியா அஷ்ரஃப் பாடின ராப் பாட்டு இணையத்துல தீயாப் பரவினது ஞாபகம் இருக்கும். 2016ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர் உடம்புக்குத் தொழிற்சாலையால பாதிப்பு இல்லைங்கறதுதான் கம்பெனி கடைசி வரைக்கும் சொன்ன நிலைப்பாடு. தொழிலாளர்கள் அதை ஏத்துக்கலை.

கப்பல்ல போனது மூட்டை கட்ட முடிஞ்ச கழிவு. மண்ணுக்குள்ள இறங்கினதை மூட்டை கட்ட முடியாதே. மண்ணைத் தோண்டி, கழுவி, சூடு பண்ணி பாதரசத்தைப் பிரிச்செடுக்கறது அடுத்த வேலை. எந்த அளவுக்கு சுத்தம் பண்ணணும்னு வருஷக்கணக்கா சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம்னு ஒரு அளவு வெச்சாங்க. அதாவது ஒரு டன் மண்ணுல 20 கிராம் பாதரசம் வரைக்கும் இருக்கலாம். சோலைக்காடு ஓரத்துல இது ரொம்ப தாராளம், இன்னும் குறைக்கணும்னு சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொன்னாங்க. இன்னும் தோண்டினா மரமெல்லாம் போயிடும், சரிவு கரைஞ்சு ஓடிடும்ங்கறது எதிர்வாதம்.

நான் படிச்சவரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகுது. சண்டை அளவைப் பத்திதான். எந்த அளவுல நிறுத்தினாலும் கொஞ்சம் பாதரசம் அந்த மண்ணுலேயே இருக்கும். அது சரிவுல இருக்கும். அந்தச் சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. பாம்பார் தண்ணி இறங்கி வர்ற இடம் கும்பக்கரை.

இதுல ஒரு கூத்து கேளுங்க. வட்டக்கானல் பக்கம் இருக்கற பாம்பார் அருவியை ஊர்க்காரங்க லிரில் அருவின்னுதான் சொல்வாங்க, அந்தப் பழைய சோப்பு விளம்பரம் புண்ணியத்துல. லிரில் யாரோட சோப்பு? அதே லீவர்! ஒரே கம்பெனி பேர் அருவியில ஒரு மாதிரி, சரிவுல வேற மாதிரி நிலைச்சிருக்கு.

*

"இது தொழிற்சாலைதானே, சுரங்கம் மாதிரி எதுக்கு இவ்வளவு பெரிசு பண்றே?"ன்னு கேட்கலாம். என்னைப் பொறுத்தவரைக்கும் அது சுரங்கம் இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்த சுரங்கக் கழிவு. எங்கேயோ பூமிக்குள்ள கல்லோட கல்லா கிடந்ததைத் தோண்டி எடுத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, 7000 அடி உயரத்துல நம்ம சோலையோட தலைமாட்டுல கொட்டின மாதிரி. அதனால மூடின சுரங்கத்தை எப்படிப் பராமரிக்கிறாங்களோ அப்படித்தான் இதையும் பார்க்கணும்.

பாதரசத்தை நாம எல்லாரும் ஒருதடவையாவது பார்த்திருப்போம். தெர்மாமீட்டர் உடைஞ்சா உள்ளங்கையில வெச்சு உருட்டி விளையாடின தலைமுறைதானே நாம! பழனிமலைக்காரங்களுக்கு இன்னும் நெருக்கம். போகர் நவபாஷாணத்துல முருகனைச் செஞ்சார்னு பழனியிலயும் சொல்வாங்க, கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையிலயும் சொல்வாங்க. சித்தர் மரபுல பெரிய வித்தைன்னா ரசத்தைக் கட்டறதுதான், ஓடற பாதரசத்தை ஓடாம நிறுத்தறது. எனக்கு அதுல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறதை விடுங்க. பாதரசத்தோட சிக்கல் என்னன்னு அவங்க சரியாப் பிடிச்சிருக்காங்க. அது ஓடும். ஆவியாவும். நிக்காது.

இந்தச் சரிவுல அதைக் கட்டி வெச்சிருக்கறது சித்தர் இல்லை. மண்ணும் மக்கின இலையும் வேரும்தான். பாதரசம் மக்கு மண்ணோட நல்லா ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு அங்கேயே இருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த மண்ணே கிளம்பி ஓடினா? அங்கேதான் பெரியவரோட மூணு விஷயமும் வருது. குளம், சரிவு, களை.

குளம்

மண் ஓடற இடத்துல வண்டல் பிடிக்கத் தொட்டியும் தடுப்பணையும் கட்டறது உலகம் பூரா இருக்கற வழக்கம். நல்ல விஷயம்தான். ஆனா வண்டல் தொட்டியோட குணம் என்னன்னா, அது நல்லா வேலை செஞ்சா நிரம்பும். நிரம்பினப்புறம் அது தொட்டி இல்லை, வெறும் படிக்கட்டு. அடுத்த பெருமழையில தண்ணி அது மேலே ஏறிக் குதிச்சு, பிடிச்சு வெச்ச வண்டலையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிடும். அதனால கம்பை விட்டு அளக்கணும். அளந்ததை எழுதணும். தூர் வாரணும். வாரின வண்டலை எங்கே கொண்டு போனாங்கன்னும் எழுதணும். கடைசி வரிதான் முக்கியம். நம்ம ஊர்ல தூர் வாரின மண் எங்கெங்கே போகும்னு உங்களுக்கே தெரியும்!

இன்னொண்ணு. தேங்கின தண்ணி, அடியில சேறு, காத்து புகாத இடம். இந்த மாதிரி இடத்துல சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமா மாத்தும். அதுதான் உண்மையான வில்லன். புழுவுல கொஞ்சம், புழுவைத் தின்ன சின்ன மீன்ல அதை விட அதிகம், பெரிய மீன்ல இன்னும் அதிகம்னு ஏறிக்கிட்டே போகும். அதனால தண்ணியை மட்டும் ஒரு பாட்டில்ல பிடிச்சு லேப்புக்கு அனுப்பி "ஒண்ணும் இல்லை"ன்னு ரிப்போர்ட் வாங்கறது பாதி உண்மைதான். சேத்தைப் பார்க்கணும், மீனைப் பார்க்கணும். அணுசக்தித் துறையோட ஹைதராபாத் ஆய்வகம் ஒண்ணு கொடைக்கானல் ஏரியைப் பரிசோதிச்சு 2006ல வெளியிட்ட கட்டுரையில தண்ணி, வண்டல், மீன் மூணையுமே பார்த்தாங்க. மூணுலயும் பாதரசம் இருந்தது. அப்படித்தான் பார்க்கணும்.

சரிவு

மலைச்சரிவு ஒரே நாள்ல விழறது இல்லை. முன்னாடியே சொல்லிட்டுத்தான் விழும், நமக்குத்தான் காது கேட்கறது இல்லை. விரல் நுழையற அளவு வெடிப்பு, நேரா நின்ன மரம் ஒரு பக்கம் சாயறது, அடிவாரத்துல புதுசா ஒரு கசிவு, கலங்கி வர்ற ஊத்துத் தண்ணி, புடைச்ச கல்லுக்கட்டு. இதெல்லாம் ஈரத்துல தெரியும், காஞ்சா மறைஞ்சிடும். சித்திரை மாசம் ஜீப்புல வந்து இறங்கி, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் பார்த்தா பச்சைப்பசேல்னு அழகாத்தான் இருக்கும்.

கொடைக்கானல்ல வருஷத்துக்கு 1600 மில்லிமீட்டர் வாக்குல மழை. ஐப்பசி கார்த்திகையில கொட்டற வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு. 2018 நவம்பர்ல கஜா புயல் கடலோரத்தோட நிக்காம மலையேறி வந்து கொடைக்கானல்ல மரங்களைச் சாய்ச்சு ரோட்டையெல்லாம் மறிச்சதே, ஞாபகம் இருக்கா? வேரோட ஒரு மரம் சாஞ்சா அந்த வேர் பிடிச்சிருந்த மண்ணும் வாயைப் பிளந்துடும். சாதாரண இடத்துல அது ஒரு பள்ளம். பாதரசம் இருக்கற சரிவுல அது வேற கணக்கு. வயநாடு முண்டக்கையில 2024 ஜூலை கடைசியில நடந்ததைப் பார்த்தப்புறம் "இவ்வளவு வருஷமா விழலையே"ங்கற வார்த்தையை மலையில யாரும் சொல்லக் கூடாது.

களை

இதுலதான் நம்ம ஆளுங்க ரெண்டு அணியாப் பிரிஞ்சு கும்மி அடிப்பாங்க. ஒரு அணி, "வாட்டில், யூகலிப்டஸ், உண்ணிச்செடி எல்லாம் அந்நியன், வெட்டித் தள்ளு." இன்னொரு அணி, "பச்சையா இருக்கற எதையும் தொடாதே."

முதல் அணிக்கு நியாயம் இருக்கு. பழனிமலையோட புல்வெளியில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு 1973ல இருந்து 40 வருஷத்துல காணாமப் போச்சுன்னு 2018ல வந்த ஆய்வு சொல்லுது. முக்கியக் காரணம் தோட்ட மரங்களும் விவசாயமும். வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல வருஷம் தூங்கும், வெட்டினாலோ எரிச்சாலோ எழுந்து படையா வரும். ஆனா அதே வாட்டில் நிழல்ல சோலை மரக்கன்னுங்க தானா முளைச்சு வர்றதையும் வட்டக்கானல் பக்கம் காட்டு வேலை செய்யறவங்க கவனிச்சிருக்காங்க. களை வில்லனாவும் இருக்கும், சில சமயம் ஆயாம்மாவாவும் இருக்கும்.

பாதரச மண்ணுல இந்தக் கேள்வி இன்னும் நுணுக்கம். ஐப்பசிக்கு முன்னாடி "சுத்தம் பண்றோம்"னு களையைச் சுரண்டி எடுத்தா மண் வெறுமையா மழைக்குக் காத்திருக்கும். சரி, விட்டுடலாம்னா, உண்ணிச்செடியும் பெரணியும் கோடையில காஞ்சு நிக்கும். ஒரு பீடித்துண்டு போதும். தீப்பிடிச்சா மேல்மண்ணுலயும் இலையிலயும் இருக்கற பாதரசம் புகையோட கிளம்பிடும். அதாவது அதிகமா எடுத்தா ஆத்துக்குப் போகும், எடுக்காம விட்டா காத்துக்குப் போகும். எதை, எந்த மாசம் எடுக்கறது, எடுத்த இடத்துல எதை நடறதுன்னு தெரிஞ்ச ஆள் வேணும். வெள்ளகவிப் பெரியவர் ஒரு செடியைப் பிடுங்கி ஒண்ணை விட்டாரே, அந்த அறிவுதான்.

*

மத்த ஊர்ல எப்படின்னு பார்ப்போம். சான் ஹோசே பக்கம் இருக்கற நம்ம பதிவுலக மக்கள் அல்மாடன் எக்ஸ்பிரஸ்வேயில தினமும் போயிருப்பீங்க. அந்தப் பேர் நியூ அல்மாடன் பாதரசச் சுரங்கத்துல இருந்து வந்தது. கலிஃபோர்னியாவுல தங்க வேட்டை தொடங்கறதுக்கு முன்னாடியே பாதரசம் எடுக்க ஆரம்பிச்ச இடம். இன்னைக்கு அது கவுண்ட்டி பூங்கா. வார இறுதியில நடக்கப் போகலாம், காட்டுப்பூ பார்க்கலாம். ஆனா கீழே இருக்கற நீர்த்தேக்கங்கள்ல மீன் பிடிச்சுத் தின்னாதேன்னு எச்சரிக்கை இருக்கு. 1970கள்லயே சுரங்க வேலை நின்னு போச்சு. அரை நூற்றாண்டு ஆகியும் மீனுக்கு அது முடியலை.

ஜப்பான்ல மினமாட்டா. பாதரசச் சேத்தை வாரி, வளைகுடாவோட ஒரு பகுதியிலேயே கொட்டி மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினாங்க. 1990ல வேலை முடிஞ்சது. மீன் வெளியே போகாம இருக்கப் போட்ட வலையை 1997லதான் எடுத்தாங்க. வேலை முடிஞ்சு ஏழு வருஷம் சும்மா காத்திருந்தாங்க, மீனைப் பரிசோதிச்சுக்கிட்டு. எனக்கு இந்த ஏழு வருஷம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த ஊர் பேர்ல 2013ல கையெழுத்தான பாதரச உடன்படிக்கையில இந்தியாவும் 2018ல உறுப்பு நாடாச் சேர்ந்திருக்கு. நம்ம நெய்வேலியிலயும் தோண்டிக் கொட்டின மண்மேட்டுல மரம் நட்டு, குளம் வெட்டி, பூங்கா ஆக்கியிருக்காங்க. அங்கே பாதரசம் இல்லை, அதனால ஒரு மரம் பட்டாலோ மேடு கொஞ்சம் சரிஞ்சாலோ இன்னொரு தடவை நட்டுக்கலாம். இங்கே அந்த ரெண்டாவது வாய்ப்பு கிடையாது.

*

எதிர்வாதங்களுக்கும் வந்துடறேன், நீங்க கேட்கறதுக்கு முன்னாடி :-)

"இப்படி எழுதினா வெள்ளகவிக் காப்பியை எவன் வாங்குவான், கும்பக்கரைக்கு எவன் வருவான்?" நியாயமான பயம். அதனால தெளிவாச் சொல்றேன். வெள்ளகவித் தண்ணியிலயோ காப்பியிலயோ கெடுதல் இருக்குன்னு நான் சொல்லலை. வெள்ளகவிக் குளம் ஊத்துத் தண்ணிக் குளம். நான் கேட்கறது ரிப்போர்ட். வருஷா வருஷம் பார்த்து, நல்லா இருக்குன்னு எழுதி ஒட்டினா அந்த ஊர்க் காப்பிக்கு அதை விட நல்ல விளம்பரம் என்ன இருக்கு? சந்தேகத்தை வளர்க்கறது பேச்சு இல்லை, மௌனம்.

"கோர்ட்டு இருக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கு, விஞ்ஞானிங்க இருக்காங்க. உனக்கென்ன?" இருக்காங்க. அவங்க பார்க்கறதில்லைன்னும் நான் சொல்ல வரலை. ஆனா அவங்க பார்வைக்கு ஒரு கெடு இருக்கும். திட்டம், அறிக்கை, ஒப்புதல், முடிவு. ஃபைலுக்கு முடிவு உண்டு. சரிவுக்கு இல்லை. அதிகாரி மாறிடுவார், கம்பெனி பேரே மாறும் (ஏற்கனவே மாறியிருக்கு). பாதரசம் ஒரு தனிமம், அது மக்கி வேற ஒண்ணா ஆகாது. நூறு வருஷம் கழிச்சும் பாதரசமாவே இருக்கும்.

"செலவு யாரு பண்றது?" இதுக்குப் பதில் நம்ம வேலூர்லயே இருக்கு. பாலாத்தைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்குல, கெடுத்தவனே சரி பண்ணச் செலவு கொடுக்கணும்ங்கற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்துல சேர்ந்ததுன்னு உச்ச நீதிமன்றம் 1996ல தீர்ப்பு சொன்னது. "சரி பண்றது"ன்னா தோண்டி, கழுவி, கையைத் துடைச்சுக்கிட்டுப் போறது மட்டும்னு நான் நினைக்கலை. தோண்டினதுக்கு அப்புறம் வர்ற முப்பது நாப்பது மழைக்காலமும் அந்தச் செலவுலதான் சேர்த்தி. ஒரு தொகையை வைப்பு நிதியாப் போட்டுட்டா வட்டியிலேயே கண்காணிப்பை நடத்தலாம். மலையில ஒரு ரிசார்ட் கட்டற காசுல பாதி கூட ஆகாதுன்னு நினைக்கிறேன்.

அப்போ என்னதான் பண்ணணும்ங்கறே? என் சிற்றறிவுக்கு எட்டினது:

ஒண்ணு, காலண்டர் பார்த்துப் பரிசோதனைக்குப் போகாதீங்க, மழை பார்த்துப் போங்க. பெருமழை விட்ட மறுநாள் ஒரு சுத்து, கோடையில தீக்காலத்துக்கு முன்னாடி ஒரு சுத்து.

ரெண்டு, ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். வண்டல் எத்தனை அடி, எங்கே வெடிப்பு, எந்தக் கசிவு கலங்கல், எந்தக் களையை எடுத்தோம், என்ன நட்டோம், வாரின மண் எங்கே போச்சு. தேதியோட.

மூணு, தண்ணியோட சேறு, மீன் ரெண்டும் பரிசோதனையில கட்டாயம் இருக்கணும். சோலைக்குள்ள மட்டும் இல்லை, கும்பக்கரை வரைக்கும்.

நாலு, முடிவைத் தமிழ்ல எழுதணும். கீழ் ஊர்களோட பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும், கிராம சபையில வாசிக்கணும். 300 பக்க இங்கிலீஷ் ரிப்போர்ட்டை இணையத்துல ஒரு மூலையில ஏத்தி வைக்கறதை மக்களுக்குச் சொன்னதா ஏத்துக்க முடியாது.

அஞ்சு, பார்க்கறவங்கள்ல பாதிப் பேர் மலைக்காரங்களா இருக்கணும். சும்மா சாட்சிக்கு இல்லை, சம்பளத்துக்கு. மழையில எந்தச் சரிவு எப்படி முனகும்னு தெரிஞ்சவங்க அவங்கதான். கருவி வெச்சு அளக்க விஞ்ஞானி வேணும், எங்கே அளக்கணும்னு சொல்ல வெறுங்காலோட அந்த மண்ணுல நடந்தவங்க வேணும். மலை இறங்கின அன்னைக்கு 4000 ரூபா ஷூ போட்டும் நான் எட்டு தடவை விழுந்தேன். பெரியவர் செருப்பே இல்லாம ஒரு தடவை கூட வழுக்கலை.

*

கிளம்பும்போது பெரியவர்கிட்ட "விசாரிச்சுச் சொல்றேன்யா"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். நிறையப் பேர் அப்படிச் சொல்லிட்டுப் போயிருப்பாங்க போல. கும்பக்கரைக்கு இறங்கற வரைக்கும் நண்பர்கள் பாட்டும் கூத்துமா வந்தாங்க, எனக்கு மட்டும் பேச்சு வரலை. கும்பக்கரையில தண்ணி செம்மண் கலர்ல பொங்கிக்கிட்டு ஓடுது. சின்ன வயசுல அந்தக் கலரைப் பார்த்தா குஷியாயிடுவேன், "மேலே நல்ல மழைடோய்!"னு. அன்னைக்கு முதல் தடவையா இது எந்தச் சரிவோட மண்ணுன்னு யோசிச்சேன். வெறும் தோட்டத்து மண்ணாத்தான் இருக்கும். இருக்கட்டும். ஆனா அதைச் சொல்ல எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேணும். "இருக்கும்"னு நானா சொல்லிக்கறது வேற, "பார்த்தோம், இருக்கு"ன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுச் சொல்றது வேற.

கழுவி முடிச்சாச்சுன்னு எந்த வருஷம் எந்தக் காகிதம் சொன்னாலும் சரி, பெரியவரோட கேள்வி அப்படியேதான் நிக்கும். குளத்தையும் சரிவையும் யாரு தம்பி போய்ப் பார்க்கிறது?

டிஸ்கி: நான் விஞ்ஞானியும் இல்லை, வக்கீலும் இல்லை, பெரியகுளத்து ஆள், அவ்வளவுதான். தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன். கொடைக்கானல் பக்கம் இருக்கற மக்கள் யாராவது, அடுத்த பெருமழை விட்ட மறுநாள், பாம்பார் தண்ணி என்ன கலர்ல ஓடுதுன்னு பார்த்து ஒரு வரி எழுதினீங்கன்னா புண்ணியமாப் போகும். தேதியோட எழுதுங்க. நோட்டுப் புத்தகத்தோட முதல் பக்கமா அதை வெச்சுப்போம்.